ஏலக்காய் ஸ்டோருக்குள் ஒரு கடிகாரம்

மலையில் எது நனைந்தாலும் ஏலக்காய் ஸ்டோருக்குள் போய்விடும். கம்பளி, தீப்பெட்டி, பள்ளிக்கூடப் புத்தகம், ஒருமுறை ஒரு கல்யாணப் பட்டுப்புடவைகூட. காய் உலர்த்துவதற்காக இரவும் பகலும் சூடாக இருக்கும் அறை அது. போடியில் பிறந்த எனக்கு இது தெரியாத சங்கதி இல்லை. இருந்தும் ஒரு நாள் காலை என் கடிகாரப் பெட்டியையே அதற்குள் பார்ப்பேன் என்று நான் நினைக்கவில்லை.

எண்பதுகளின் கடைசி. மலைக்குள் பாறை எப்படிப் படுத்திருக்கிறது என்று பார்க்க வந்த குழுவில் நான் தற்காலிக டெக்னீஷியன். தேவாரம் ஊர்ப் பக்கம் அடிவாரத்தில் குழி தோண்டி வெடி வைப்பார்கள். அதிர்வு மலையில் அங்கங்கே வைத்த கருவிகளுக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் கணக்கு. அதற்கு எல்லாக் கருவியிலும் ஒரே நேரம் ஓட வேண்டும், துளிகூடப் பிசகாமல். அந்த நேரத்தைச் செயற்கைக்கோளிடமிருந்து வாங்கித் தர ஒரு ரிசீவரும் ஏரியலும் புதிதாக வந்திருந்தன. அப்போது வானத்தில் அந்தக் கோள்களே கொஞ்சம். தினமும் சில மணி நேரம்தான் தலைக்கு மேல் வரும். மற்ற நேரமெல்லாம் பெட்டிக்குள்ளிருக்கும் குவார்ட்ஸ் கடிகாரம் தன் பாட்டுக்கு ஓடிச் சமாளிக்க வேண்டும்.

எங்கள் அதிகாரிக்கு என்னை மலையேற்ற மனசே இல்லை. "இந்த ஸ்டேஷன் பதிவு சரியா வரலைன்னா அடுத்த கேம்ப்புக்கு வேற ஆளப் பாத்துக்கிறேம்மா" என்று ஜீப்பில் ஏறும்போதே சொல்லிவிட்டார். இதை விட்டால் எனக்கு மறுபடி போடியில் ரேடியோ ரிப்பேர் கடைதான். அங்கே ரேடியோவைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருக்கும் என்னிடமே, மெக்கானிக் எப்போ வருவார் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குத் திரும்பிப் போக நான் தயாராக இல்லை.

முந்தின நாள் முழுக்க வீண். ஏலத்துக்கு நிழல் வேண்டுமென்று மரங்கள் வானத்தையே மூடி நின்றன. ஈர இலைகளைத் தாண்டி சிக்னல் இறங்கவில்லை. ஸ்டோருக்கு முன்னாலிருந்த முற்றம்தான் ஒரே வெட்டவெளி. அங்கே மூங்கில் நட்டு ஏரியலைக் கட்டி முடிப்பதற்குள் கோள்கள் அடிவானத்தில் இறங்கிவிட்டன. பிறகு மழை பிடித்துக்கொண்டது. பெட்டியைத் தாழ்வாரத்தில் வைத்து, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் படுக்கப் போனேன்.

காலையில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். "பெட்டி பூரா தண்ணி கோத்துருந்துச்சு ஆத்தா. அதான் வெரசா உள்ள கொண்டாந்து வச்சேன். நல்லாக் காஞ்சிருச்சு, தொட்டுப் பாரு."

தொட்டேன். இட்லிப் பானை மூடிபோலச் சுட்டது.

"யாரக் கேட்டு எடுத்தீங்க?" என்று கத்திவிட்டேன். அவருடைய சிரிப்பு நின்றுபோனது. பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? சூடு மாறினால் குவார்ட்ஸின் ஓட்டம் மாறும். வெளியே எடுத்தால் பெட்டி ஆற ஆற அது மாறிக்கொண்டே இருக்கும். வெடியோ மதியத்துக்கு முன்னால். கோள் வருவது மதியத்துக்குப் பின்னால். வெடியைத் தள்ளிப் போடச் சொல்லப் போன் கிடையாது. ஆள் அனுப்பினால் பாதி வழி இறங்குவதற்குள் வெடித்துவிடும்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதேன். துக்கமில்லை, ஆத்திரம். மூக்கைச் சிந்தியபோதுதான் புத்தி வேலை செய்தது. குவார்ட்ஸுக்குச் சூடு பகையில்லை, மாற்றம்தான் பகை. கடிகாரம் முந்தட்டும், பிந்தட்டும், ஒரே சீராக ஓடினால் போதும். மதியம் கோள் வந்ததும் ஒப்பிட்டுப் பார்த்து, வெடித்த நேரத்துக்குப் பின்னோக்கிக் கணக்குப் போட்டுவிடலாம். பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

"அண்ணே, இந்தச் சூடு சாயங்காலம் வரைக்கும் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கதவு, ஜன்னல் எதையும் தொறக்கக் கூடாது. முடியுமா?"

அவர் தட்டுகளில் பரப்பியிருந்த காயைப் பார்த்தார். "ஜன்னலத் தொறந்து ஆவிய விடணும் ஆத்தா. இல்லாட்டி காய் வெளுத்துரும். மொதலாளி கொன்னுபோடுவாரு." ஆனாலும் அவர் ஜன்னலைத் தொடாமலே வெளியே போய், அறையைச் சூடாக்கும் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தார். "நீ ஒஞ் சோலியப் பாரு. வெறகை நான் பாத்துக்கிறேன்."

கதவிடுக்கு வழியாக ஒயரை இழுத்து, தாழ்வாரத்திலிருந்த பதிவுக் கருவியில் மாட்டினேன். வெடித்தபோது என் காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. முள் மட்டும் காகிதத்தில் துள்ளி அடங்கியது. அது எந்த நொடியில் துள்ளியது என்பது கோள் வரும்வரை யாருக்கும் தெரியாது.

மதியம் மூடுபனி முற்றத்தை மறைத்தது. மேகம் இந்த சிக்னலைத் தடுக்காது என்று படித்திருந்தும் மேகத்தைத் திட்டினேன். கடைசியில் கோள் கிடைத்து ரிசீவரில் விளக்கு எரிந்தது. கோளின் நேரத்தையும் கடிகாரத்தின் நேரத்தையும் ஒப்பிட்டு வரைபடத் தாளில் புள்ளி வைத்தேன். கொஞ்ச நேரம் விட்டு இன்னொன்று. ஒவ்வொரு புள்ளி வைக்கும்போதும் இது விலகிவிடுமோ என்று பயம். அடுப்பை விட்டு அண்ணன் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. கோள்கள் இறங்கியதும் அடிக்கோலை வைத்துப் பார்த்தேன். எல்லாப் புள்ளியும் ஒரே கோட்டில் நின்றன.

சாயங்காலம் அதிகாரி ஜீப்பில் வந்து தாளை வாங்கிப் பார்த்தார். "இவ்வளவு நேரா வந்துருக்கே. கடிகாரத்த எங்கம்மா வச்சிருந்தே?"

ரூமுக்குள்ளதான் சார் என்றால் முடிந்தது, பொய்யுமில்லை. அந்த நேரம் அண்ணன் ஸ்டோர் கதவைத் திறந்தார். குப்பென்று ஆவி வந்தது. அவர் கையில் அள்ளிய காயில் பச்சையே இல்லை, வைக்கோல் நிறம். அவர் அதை என்னிடம் காட்டாமல் கையை மூடிக்கொண்டார். அது எனக்குத் தாங்கவில்லை. நான் தாழ்வாரத்தில் விட்ட பெட்டி நனைந்தது, உள்ளே போனது, அவர் ஜன்னலைத் திறக்காமல் காயைக் கெடுத்துக்கொண்டது, எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் இருந்தது.

அதிகாரி தாளைப் பார்த்தார், அண்ணனின் மூடிய கையைப் பார்த்தார். "இந்தக் காய்க்கு நான் ஒங்க மொதலாளிகிட்டப் பேசுறேன்" என்றார். பிறகு, "அடுத்த வருஷ வெடிக்கும் இந்த ஸ்டோர் கெடைக்குமா?" என்று கேட்டார்.

அண்ணன் கையிலிருந்த காயைத் தட்டில் போட்டுவிட்டுச் சொன்னார்: "இந்தப் பிள்ள வந்தாத் தர்றேன் சார்."