‘ஓம்’ என்று சொல்ல எனக்கு ஒன்பது கிழமை எடுத்தது

“மாமி, அப்பாக்கு வீட்ட வர விருப்பமில்லையாம். டொக்டர் வடிவாக் கேட்டவர். நோ எண்டு சொல்லிப்போட்டார்.”

என் மகன் ரொஷான் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தபடி, மன்னாரில் இருக்கும் என் தங்கச்சியோடு கைபேசியில் கதைத்தது இது. நான் கைக்கெட்டும் தூரத்தில் படுத்திருந்தேன். எல்லாம் கேட்டது. எல்லாம் விளங்கியது. நான் அப்படிச் சொல்லவில்லையடா என்று கத்த நினைத்து வாயைத் திறந்தேன். “நோ, நோ” என்றுதான் வந்தது.

“ஓகே அப்பா, டோன்ட் வொரி” என்று என் தோளைத் தட்டிவிட்டு அவன் திரும்பவும் கதைக்கத் தொடங்கினான்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. ஊரில் பத்தாம் வகுப்பு வரை படித்தேன். மெல்பேர்ணில் பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தேன். சின்ன வயதிலிருந்தே கூச்சக்காரன். மேடையேறிச் சாட்சி சொல்ல இன்றைக்கும் துணிவில்லை. அதனால் ஆண்டவர் எனக்குச் செய்ததை இடது கை விரல் ஒன்றால் கைபேசியில் தட்டி எழுதுகிறேன்.

போன வருடம் ஒக்ரோபர் மாதம், செபமாலை மாதத்தில், மெல்பேர்ணின் வெரிபீயில் ஒரு வீட்டில் தமிழ்க் கத்தோலிக்கர் சிலர் செபமாலை சொல்லக் கூடியிருந்தோம். செபமாலையில் ஆளுக்குப் பத்து மணிகளாக முறைக்குச் சொல்வது எங்கள் வழக்கம். என் முறை வந்தால் நான் கையைக் காட்டி அடுத்தவரிடம் விட்டுவிடுவேன். எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் அன்றைக்கு ஏனோ சொல்லவேண்டும் போல் இருந்தது. என் மனைவி இறந்து நான்கு வருடம் நிறைந்த நாள் அது. மணியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. ஒரு சொல்லும் வரவில்லை.

“அங்கிள் சொல்ல மாட்டார், நீங்க சொல்லுங்கோ அன்ரி” என்று யாரோ சொன்னார்கள். செபம் என்னைத் தாண்டிப் போனது.

என் மூளையில் இரத்தம் அடைபட்டுப் பாரிசவாதம் வந்துகொண்டிருந்தது. நான் எப்போதும் போலப் பேசாமல் இருக்கிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். செபம் முடிந்து தேத்தண்ணிக் கோப்பை என் வலது கையிலிருந்து விழுந்தபோதுதான் ரொஷான் ஓடி வந்தான். யாரையும் நான் குறை சொல்லவில்லை. அந்த மௌனத்தை அவர்களுக்குப் பழக்கியவன் நான்தான்.

பிறகு வந்த நாட்களை என்னவென்று சொல்வது? உள்ளே நான் முழு மனிதன். வாசலில் யாரோ பூட்டுப் போட்டுவிட்டார்கள். உள்ளுக்குள் செபங்கள் தண்ணீர் மாதிரி ஓடின. வாயில் ஒரேயொரு சொல்தான் மிஞ்சியது. அது “நோ”. தேநீர் வேணுமா என்றால் “நோ”. கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வலிக்கிறதா என்றால் “நோ”. இரவெல்லாம் தோள் வலியோடு கிடப்பேன். தலையை ஆட்டினாலும் அது எந்தப் பக்கம் ஆடுகிறது என்று எனக்கே நிச்சயமில்லை. மூளை அடிபட்டவர்களுக்கு அப்படி மாறி வருவதுண்டு என்று பேச்சுப் பயிற்சி தரும் பெண் பிறகு சொன்னார். அதற்குள் பெரிய கேள்வியை டொக்டர் கேட்டுவிட்டார். வீட்டுக்குப் போக விருப்பமா? “நோ” என்று சொல்லிவிட்டேன்.

என்னைப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் விடும் பேச்சு என் கட்டிலின் மேலாலேயே நடந்தது. ரொஷான் விடிய ஆறேகாலுக்கு ரயில் ஏறினால் இரவு ஏழு மணிக்குத்தான் வீடு திரும்புவான். நான் தனிய விழுந்து கிடந்தால் என்ன செய்வது என்ற பயம் அவனுக்கு. நல்ல பிள்ளை. அப்பாவே வேண்டாம் என்கிறார் என்று நினைத்து அவன் மனம் நொந்ததையும் கண்டேன். சொல்லத்தான் வழியில்லை. ‘ஆண்டவரே, என்னை எடுத்துவிடும்’ என்று கேட்டேன். ஒரு முறை அல்ல.

ஐந்தாம் கிழமை, ஒரு மாதம் தாண்டிய பிறகு, என்னை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். எதிர்க் கட்டிலில் இடுப்பு எலும்பு முறிந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி. பெயர் மார்கரெட். இங்கிலாந்தின் வடக்கே ஹெக்சம் பக்கத்தவர். என் கையில் செபமாலையைக் கண்டதும் கதைக்கத் தொடங்கியவர் பிறகு நிறுத்தவேயில்லை.

“என் புருஷன்கூட இவ்வளவு பொறுமையாக் கேட்டதில்லை” என்று ஒரு நாள் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். நோயில் விழுந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

அவருடைய ஊரைச் சுற்றி ஆயிரத்து முந்நூறு, நானூறு வருடத்துக்கு முன் வாழ்ந்த அரசர்களையும் புனிதர்களையும் பக்கத்து வீட்டுக்காரர் போலச் சொல்வார். ஒஸ்வால்ட் என்று ஒரு அரசர். போருக்கு முன் மரச் சிலுவை நட்டு முழந்தாளிட்டவர். அவர் அழைப்பித்த எய்டன் என்ற ஆயருக்கு அந்த ஊர் மொழி சரியாக வராது. ஆயர் பிரசங்கம் வைக்கும்போது அரசரே பக்கத்தில் நின்று சனங்களுக்கு மொழிபெயர்ப்பாராம். அரசர் ஒருவர் இன்னொருவருடைய வாயாக நிற்பது எனக்குப் புதுமையாக இருந்தது.

பிறகு யோவான் என்றும் சொல்லப்படும் புனித அருளப்பரைப் பற்றிச் சொன்னார். திருமுழுக்கு அருளப்பர் அல்ல, பெவர்லி ஊர் அருளப்பர். ஹெக்சமில் ஆயராக இருந்தபோது தவக்காலத்தில் ஊமை இளைஞன் ஒருவனைத் தன்னோடு தங்க வைத்தாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய நாக்கில் சிலுவை அடையாளம் போட்டு, ஒரு சொல் சொல்லு என்றாராம்.

“என்ன சொல் தெரியுமா? ‘யெஸ்’ என்கிற சொல். ஆயர் லத்தீன் படித்தவர். ஆனாலும் அவனுடைய ஊர்ப் பாஷையிலதான் சொல்லச் சொன்னார்.”

அவன் சொன்னான். பிறகு எழுத்துக்கள், பிறகு சொற்கள், கடைசியில் நித்திரை வரும்வரை பேசிக்கொண்டேயிருந்தானாம். என்னோடு இரு என்று ஆயர் கேட்டும், வீட்டுக்குப் போகவே விரும்பினானாம்.

நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். கண்ணீர் காதுக்குள் ஓடியது.

அன்று பின்னேரம் ரொஷான் வந்ததும் மார்கரெட் அவனை மறித்தார். “உங்கட பாஷையில ‘யெஸ்’ என்றதுக்கு என்ன?”

“ஓம்” என்றான் ரொஷான், கைபேசியைப் பார்த்தபடி.

அன்றிலிருந்து காலையில் கண் விழித்ததும், நற்செய்தி வாசிக்கும் முன் உதட்டில் சிலுவை போடுவோமே, அதே மாதிரி இடது பெருவிரலால் என் நாக்கில் சிலுவை போட்டுக்கொண்டேன். ‘அருளப்பரே, அந்தப் பையனுக்கு வாங்கிக் கொடுத்த ஒரு சொல்லை எனக்கும் வாங்கித் தாரும். ஆண்டவரே, அந்த அரசரைப் போல எனக்காகப் பேச ஒருவரையும் தாரும்.’ எதிர்க் கட்டிலிலிருந்து மார்கரெட் “ஓம், ஓம்” என்று பாடம் நடத்துவார். என் வாயில் காற்றுத்தான் வந்தது. நான்கு கிழமை அப்படியே போனது.

ஒன்பதாம் கிழமை, டிசம்பரில், முடிவெடுக்கும் கூட்டம். சின்ன அறை. டொக்டர், சமூக சேவகி, ரொஷான், மேசையில் தொலைபேசி. அதற்குள்ளிருந்து மொழிபெயர்ப்பாளர், தமிழ்நாட்டுப் பெண்.

“ஐயா, வணக்கம். உங்களுக்கு வீட்டுக்குப் போக விருப்பமா? ஆமாவா, இல்லையா?”

அன்பான குரல்தான். ஆனால் ‘ஆமா’ என் வாய்க்குப் பழக்கமில்லாத சொல். தொண்டையில் அந்தப் பழைய “நோ” ஏறி வருவது தெரிந்தது. அது வெளியே வந்தால் எல்லாம் முடிந்தது. கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டேன். டொக்டர் பேனையை எடுத்தார். பொத்திய கையை மெல்ல எடுத்து, பெருவிரலால் நாக்கில் சிலுவை போட்டேன்.

ரொஷான் அதைப் பார்த்தான். எழுந்து வந்து எனக்கு முன்னால் குந்தினான். எனக்கு வருத்தம் வந்து படுத்த நாளிலிருந்து என்னோடு ஆங்கிலத்திலேயே கதைத்தவன், தாயின் குரல் மாதிரியே கேட்டான்.

“அப்பா, வீட்ட வாறீங்களோ?”

“ஓம்.”

என் குரலை நானே கேட்டேன். கரகரத்த குரல். திரும்பவும் சொன்னேன். “ஓம். ஓம்.”

அவன் என் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். தொலைபேசியில் அந்தப் பெண், “அவர் ஆமாங்கிறார், டொக்டர்” என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ரொஷான் எழுந்து நின்று, தானே ஆங்கிலத்தில் சொன்னான்: “அப்பா வீட்டுக்கு வரப் போகிறார். அதுதான் அவருடைய விருப்பம். நான் பார்த்துக்கொள்வேன்.” நான் கேட்ட அரசர் என் மகனாகவே எனக்கு முன்னால் நின்றார்.

வார்டுக்குத் திரும்பியதும் மார்கரெட், “என்ன, போறீங்களா?” என்றார். “ஓம்” என்றேன். “இனி நான் யாரோட கதைக்கிறது!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே ஏசினார்.

இப்போது ரொஷான் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறான். மற்ற நாட்களில் உதவிக்கு ஆள் வருகிறார். எங்கள் வீட்டில் இப்போது தமிழ் கேட்கிறது. மே ஏழாம் திகதி, பெவர்லி அருளப்பர் திருநாளன்று, மார்கரெட்டைப் பார்க்கப் போனோம். இருபது சொல்லாவது பேசியிருப்பேன்.

இந்த ஒக்ரோபரில் அதே வீட்டில் செபமாலை. என் முறை வந்தது. பழக்கத்தில் பக்கத்து அன்ரி தொடங்கப் போனார். நான் கையைக் காட்டினேன், இந்த முறை நிறுத்தச் சொல்லி. “அருள்… நிறைந்த… மரியே.” பத்து மணி சொல்ல வெகுநேரம் எடுத்தது. தேத்தண்ணி ஆறிப்போனது. ஒருவரும் அவசரப்படவில்லை.

சகோதரரே, சகோதரிகளே, உள்ளே பூட்டப்பட்டுக் கிடப்பவர்கள் உங்களிலும் இருப்பார்கள். பெரிய செபம் தேவையில்லை. ஒரு சொல்லைக் கேளுங்கள், ஒவ்வொரு காலையும் கேளுங்கள். கதவைத் தட்ட ஆண்டவர் யாரையாவது அனுப்புவார். உங்கள் பக்கத்தில் பேசாமல் ஒருவர் இருந்தால் அவரைத் தாண்டிப் போகாதேயுங்கள். அவருடைய சொல்லில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு, கொஞ்சம் காத்திருங்கள்.