கிளியனூரிலிருந்து வந்த கேள்விகள்

1. மாடிக்கு வந்த போலீஸ்

திண்டிவனத்தில் எங்கள் டுடோரியலின் கிளையைத் தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை, நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே ஒரு போலீஸ்காரர் மாடியேறி வந்தார். மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலை மண்டிக்கு மேலே இருந்த பெரிய அறையை வாடகைக்கு எடுத்திருந்தோம். தலை நரைத்த ஆட்களெல்லாம் கையில் பையோடு ஒவ்வொருவராக மேலே போகிறார்கள், கதவைச் சாத்திக்கொள்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சீட்டாட்டம் என்று நினைத்து வந்திருந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவையும் பள்ளி ஆசிரியர்களையும் பார்த்துவிட்டு, "இந்த வயசுல இன்னா படிப்பு?" என்று கேட்டார். நான் விளக்கிச் சொன்னேன். தலையாட்டினார். ஆனாலும் போகும்போது பெஞ்சுக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

எங்கள் தலைமை இடம் விழுப்புரம். அங்கே வார நாட்களில் எஸ்.எஸ்.எல்.சி. தவறிய பையன்களுக்கு வகுப்பு நடக்கும். திண்டிவனம் கிளை வேறு மாதிரி. இண்டர்மீடியட் தேறி, பி.ஏ.வில் சேர்ந்து, பாதியில் விட்டவர்களுக்காகவே அது. சிலர் பார்ட் ஒன் இங்கிலீஷில் கோட்டைவிட்டவர்கள். சிலர் இங்கிலீஷையும் பார்ட் டூ தமிழையும் முடித்துவிட்டு, முக்கியப் பாடமான பார்ட் த்ரீ எழுதாமல் கல்யாணம், சாவு, வேலை என்று போய்விட்டவர்கள். தேறிய பகுதி தேறியதுதான். விட்டதை மட்டும் எழுதினால் டிகிரி வந்துவிடும். பலருக்கு இதுவே தெரியாது. எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும் என்று பயந்து பத்து வருஷம் சும்மா இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். யாருக்கு எது செல்லும், எதை மறுபடி எழுத வேண்டும் என்று பிரித்துச் சொல்வதும், எகனாமிக்ஸ் பாடம் நடத்துவதும் என் வேலை.

இந்தத் தொழிலில் சந்தேகம் ஒரு அங்கம். தனக்குப் பதில் வேறு ஆளை வைத்துப் பரீட்சை எழுத முடியுமா என்று வெளிப்படையாகவே கேட்டவர்கள் உண்டு. அண்ணன் தேறிய சர்டிபிகேட்டைத் தன்னுடையது என்று கொண்டுவந்தவர் ஒருவர். விழுப்புரத்தில் எங்களுக்குப் போட்டியாக இன்னொரு டுடோரியலும் இருந்தது. அதனால் எங்கள் பிரின்சிபால் எப்போதும் ஒன்றையே சொல்வார்: "ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கண்ணால பாக்காம எவனையும் நம்பாதப்பா."

2. எழுதாத மாணவர்

தணிகாசலம் வகுப்புக்கு வந்தது கிளை தொடங்கிச் சில வாரம் கழித்து. முப்பத்தைந்து வயதிருக்கும். பாண்டிச்சேரி சாலையில் இருக்கும் கிளியனூர்க்காரர். பயிர் பண்ணுகிற வீடு, மல்லாட்டை வியாபாரமும் உண்டு. பார்ட் த்ரீ எகனாமிக்ஸ் மட்டும் பாக்கி என்றார். மார்க் ஷீட் கேட்டதற்கு, வீட்டில் பெட்டியில் இருக்கிறது, அடுத்த வாரம் கொண்டுவருகிறேன் என்றார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

அவர் எதையும் எழுதிக்கொள்ள மாட்டார். மற்றவர்கள் நோட்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார். வகுப்பு முடியும்போது எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்வி அந்த வகுப்பிலேயே நல்ல கேள்வியாக இருக்கும்.

ஒருமுறை டிமாண்ட் பற்றி நடத்தினேன். விலை ஏறினால் வாங்குவது குறையும் என்பது விதி. அவர் எழுந்து, "அரிசி வெலை ஏறப்போவுதுன்னு தெரிஞ்சா ஜனங்க ஜாஸ்தி வாங்கி வெச்சிக்கிறாங்களே சார், அப்ப உங்க விதி இன்னா ஆவுது?" என்றார். நான் சந்தோஷத்தோடு விளக்கினேன். எதிர்பார்ப்பு என்பதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். முடித்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் புரிந்த மாதிரி இல்லை. "அந்தக் கடைசி வரிய இன்னொரு தபா சொல்லுங்க சார்" என்றார். சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே படி இறங்கிப் போனார்.

இவ்வளவு நல்ல கேள்வி கேட்கிறவருக்கு அதன் பதில் எப்படிப் புரியாமல் போகும் என்று எனக்கு உறுத்த ஆரம்பித்தது. அடுத்த ஞாயிறு நானே அவரை எழுப்பிவிட்டு, நிலத்துக்குக் கொடுக்கும் வாரம் வேறு, கடனுக்குக் கொடுக்கும் வட்டி வேறு என்று ரிக்கார்டோ என்ற பழைய பொருளாதார அறிஞர் காலத்துப் பாடத்தில் ஒரு கேள்வி கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல், "வர்ற வாரம் சொல்றேன் சார்" என்றார். சொன்னபடியே அடுத்த வாரம் ஒப்பித்தார். நான் வகுப்பில் சொல்லாத ஒரு விஷயமும் அதில் இருந்தது.

விழுப்புரம் திரும்பி இதைப் பிரின்சிபாலிடம் சொன்னேன். அவருக்கு யோசனையே தேவைப்படவில்லை. எதிர் டுடோரியல்காரன் ஆள் அனுப்பியிருக்கிறான், நம் பாடத்தை வாயால் அள்ளிக்கொண்டு போகிறான், அவர்களுடைய எகனாமிக்ஸ் வாத்தியார்தான் கேள்வி தயாரித்துக் கொடுக்கிறார் என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அந்த நேரம் பார்த்து இன்னொன்று நடந்தது. பாண்டிச்சேரியிலிருந்து வரும் பஸ்களை மதுவிலக்குப் போலீஸ் வழியில் நிறுத்திச் சோதனை போடுவது வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தணிகாசலத்தை மட்டும் பையோடு கீழே இறக்கிவிட்டதாக, அதே பஸ்ஸில் வந்த ஆசிரியர் ஒருவர் சொன்னார். மதியத்துக்கு மேல்தான் வகுப்புக்கு வந்தார். ஏன் லேட் என்று கேட்டதற்கு, "ஒரே பேஜாரு சார்" என்றதோடு சரி. பையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அன்று நான் பாடம் நடத்தியதைவிட அந்தப் பையைப் பார்த்ததுதான் அதிகம். பை தடிமனாக இருந்தது.

பரீட்சைக்கு மனு அனுப்பும் நாள் நெருங்கியது. மற்ற எல்லோருடைய சர்டிபிகேட்டும் வந்துவிட்டது. இவர் மட்டும் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, அந்த ஆள் யார், வீட்டில் என்ன செய்கிறான் என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

3. கிளியனூர் வீடு

வேண்டுமென்றே ஒரு வார நாளில், சொல்லாமல் போனேன். வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. வாசலில் மல்லாட்டை காயப்போட்டிருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் செருப்பிலிருந்து மூக்குக்கண்ணாடி வரை பார்த்தார். அவர்தான் தணிகாசலத்தின் அப்பா. நில உச்சவரம்பு பற்றி எல்லா இடத்திலும் பேச்சாக இருந்த காலம் அது. நான் நிலம் அளக்க வந்தவன் என்று எடுத்துக்கொண்டு, தன் பேரில் இருப்பது கொஞ்சம்தான் என்று அவராகவே சொல்ல ஆரம்பித்தார். நான் அவசரமாக மறுத்து, உங்கள் மகன் என்னிடம் பி.ஏ. வகுப்புக்கு வருகிறார், அவருடைய மார்க் ஷீட் பற்றிக் கேட்க வந்தேன் என்றேன்.

பெரியவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "எம் பையன் எஸ்.எஸ்.எல்.சி.யையே ரெண்டு தபா எழுதி உட்டவன். அவன் எப்பிடிங்க பி.ஏ. படிப்பான்?" என்றார்.

அவர் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மகன் திண்டிவனம் போவதை ஊரே பேசுகிறது, அங்கே எவளையோ வைத்திருக்கிறான் என்கிறார்கள், அதற்குத் துணையாகப் பொய் சொல்லத்தான் உங்களை அனுப்பினானா என்று கேட்டார். உளவு பார்க்க வந்த நான், இப்போது அவர் கண்ணுக்குத் தரகன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். அந்தச் சமயம் தணிகாசலம் கொல்லைப்புறத்திலிருந்து வந்தார். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். ஒரு குடும்பத்தைக் கலைத்துவிட்டோம் என்று எனக்குப் பட்டது.

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தார். முப்பது வயதிருக்கும். தணிகாசலத்தின் மனைவி ருக்மணி. யாரையும் பார்க்காமல், பெரியவரை மட்டும் பார்த்துப் பேசினார்.

"மாமா, அவரு வேற எங்கயும் போவல. நான்தான் அனுப்பறேன். படிக்கிறது நானு."

மெட்ராஸில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.ஏ. இரண்டாம் வருஷம் வரை படித்தவர் அவர். பார்ட் ஒன்னும் பார்ட் டூவும் எழுதித் தேறியிருக்கிறார். எகனாமிக்ஸ் பரீட்சை தொடங்குவதற்கு முன் அவருடைய அப்பாவுக்கு உடம்பு மோசமாகி, ஊருக்கு வரச் சொல்லிவிட்டார்கள். கண் மூடுவதற்குள் கல்யாணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று அப்பா கேட்க, கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு படிப்பைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. தணிகாசலத்துக்கு மட்டும் தெரியும். அவர் நோட்ஸ் எடுத்தால் இங்கிலீஷ் வார்த்தையெல்லாம் தப்பாகிவிடும் என்பதால், காதில் விழுந்ததை அப்படியே வாயில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் ருக்மணி. பையில் இருந்தவை ருக்மணியின் பழைய புத்தகங்கள். எங்கே சந்தேகம் என்று விரல் வைத்துக் காட்டி அனுப்புவாராம். மதுவிலக்குப் போலீஸ் ஒவ்வொரு புத்தகமாகப் பிரித்து உதறிப் பார்த்துவிட்டுத்தான் அன்றைக்கு விட்டிருக்கிறார்கள்.

அப்போதும் நான் முழுக்க நம்பவில்லை. இதுவும் ஒரு ஏற்பாடோ என்று மனதில் ஓடியது. ருக்மணி என் பக்கம் திரும்பினார். "சார், போன வாரம் நீங்க நடத்துனது டிமினிஷிங் ரிட்டர்ன்ஸா, டிமினிஷிங் யுடிலிட்டியா? இவரு ரெண்டையும் ஒண்ணாக்கிக் கொண்டாந்துட்டாரு. எனக்கு ஒரு வாரமா பிடிபடல."

அந்தக் கேள்வியை நடிப்புக்காகக் கேட்க முடியாது. விளைச்சல் குறைந்துகொண்டே போவது வேறு, நுகர நுகரப் பயன் குறைவது வேறு என்று வெயிலில் நின்றபடியே பதில் சொன்னேன். தணிகாசலம் பழக்கதோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார். ருக்மணி அவர் கையைத் தொட்டு, வேண்டாம் என்று நிறுத்தினார்.

பெரியவர் மருமகளிடம் கேட்டார்: "எங்கிட்ட எதுக்கு ஒளிச்ச?"

"கேட்டா வேணான்னுடுவீங்கன்னு பயம் மாமா."

அவர் காயப்போட்ட மல்லாட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளினார். "கேட்டிருந்தா வேணான்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, வகுப்பில் ஆண்கள் எத்தனை பேர், எந்த ஊர்க்காரர்கள், கதவு ஏன் சாத்தியிருக்கிறது என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். கடைசியில், மருமகள் வருவதானால் தானும் கூட வருவதாகச் சொன்னார்.

4. பின் பெஞ்சு

சொன்னபடி பெரியவர் மருமகளோடு வந்தார். ருக்மணி ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். விழுப்புரத்தில் பிரின்சிபால் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் தலையாட்டினார். ருக்மணி முன் பெஞ்சில். பெரியவர் பின் பெஞ்சில், கையைக் கட்டிக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவரை யுனிவர்சிட்டி அனுப்பிய ஆள் என்று தாலுகா ஆபீஸ் குமாஸ்தா நம்பிவிட்டார். எழுந்து நின்று வணக்கம் சொல்வார். நானும் திருத்தவில்லை. வகுப்பு அமைதியாக நடந்தது.

ருக்மணிக்கு இப்போது ஒவ்வொரு வாரமும் ஒரு கேள்வியோடு நிறுத்த வேண்டியிருக்கவில்லை. சில நாள் என்னை மூச்சுவிட விடமாட்டார். தணிகாசலம் வருவது நின்றுபோனது. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, ஞாயிற்றுக்கிழமை தூக்கம் கிடைக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னார்.

மார்ச் மாதம் மெட்ராஸில் பரீட்சை. பெரியவரும் கூடப் போய் உறவுக்காரர் வீட்டில் தங்கி, ஒவ்வொரு நாளும் பரீட்சை நடக்கும் கல்லூரி வாசலில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். ரிசல்ட் பேப்பரில் வந்தது. ருக்மணியின் எண் இல்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். பெரியவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெண் மறுபடி புத்தகத்தைத் தொட முடியாது. மறுநாளே அவர் தனியாக விழுப்புரத்துக்கு வந்துவிட்டார். பிரின்சிபால் அவரைத் தூரத்தில் பார்த்ததும் பின் அறைக்குப் போய்விட்டார். நான் தனியாக மாட்டிக்கொண்டேன். பெரியவர் பேப்பரை மேஜைமேல் விரித்துவைத்தார்.

"எம் மருமவ எழுதிட்டு வெளிய வந்த மொகத்த நான் தெனமும் பாத்தேன். அது தோத்த மொகம் கெடையாது. திருத்துனவன் மேலதான் எனக்கு சந்தேகம்" என்றார். மறுபடி எழுத எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்.

மார்க் வந்தபோது பார்த்தால் ஒரே ஒரு பேப்பரில் கொஞ்சத்தில் தவறியிருந்தது. செப்டம்பரில் ருக்மணி எழுதித் தேறினார். கிளியனூரில் பெண் ஒருவர் பி.ஏ. முடித்த செய்தி பரவியதும், கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு வியாபாரி தன் தங்கையை அழைத்துக்கொண்டு வந்தார். ஒலக்கூரிலிருந்து ஒரு ஆசிரியை வந்தார். பின் பெஞ்சு முழுவதும் அண்ணன்களும் மாமனார்களும் உட்கார்ந்திருந்த ஒரு வருஷமும் இருந்தது. அவர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொள்வார்கள். நான் பாட்டுக்கு நடத்திக்கொண்டு போவேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சர்டிபிகேட்டைப் பாருங்கள், கட்டாயம் பாருங்கள். ஆனால் சேர வருகிறவரிடம், வீட்டில் வேறு யாராவது படிப்பைப் பாதியில் விட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். நான் இதைத் தணிகாசலத்திடம் முதல் நாளே கேட்டிருந்தால், கிளியனூருக்குப் போக வேண்டியிருந்திருக்காது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சிலர் முறைப்பார்கள். முறைத்தால் முறைக்கட்டும். அடுத்த வாரமும் கேளுங்கள்.