இரண்டு மணி நேரம் என்று எழுதினேன்

பனியை நான் டிவியில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் என் வேலை, மலையில் எவ்வளவு பனி கிடக்கிறது என்று அளக்கும் கருவிகளைச் சோதிப்பது. குளிர்நாடுகளில் மலைப்பனி உருகினால்தான் கோடையில் தண்ணீர். பனியின் அளவைப் பார்த்துத்தான் அணையிலிருந்து எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்வார்களாம்.

கம்பத்தின் உச்சியில் மாட்டிய கருவி கீழ்நோக்கி ஒலியை அனுப்பி, அது பனியில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிடும். குளிரில் ஒலியின் வேகம் மாறும் என்பதால் கூடவே ஒரு வெப்பமானி சென்சர் உண்டு. கெப்பாலா பத்தாஸிலிருந்து தினமும் வரும் அக்கா ஒருவர் அதைப் பொருத்துவார். நான் கருவியைக் குளிர் அறையில் இரண்டு மணி நேரம் வைத்து, அது முழுதும் குளிர்ந்த பிறகு அளவைத் திருத்த வேண்டும்.

தீபாவளிக்கு முந்தின வாரம், லிட்டில் இந்தியா கடைத்தெருவில் தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கும் அவசரம் எனக்கு. அன்றைய கருவிகளுக்கு அரை மணி நேரத்திலேயே திருத்தத்தைப் போட்டு முடித்தேன். தாளில் இரண்டு மணி நேரம் என்று எழுதிவிட்டுப் பஸ் பிடிக்க ஓடினேன்.

சில மாதம் கழித்துப் புகார் வந்தது. கருவிகள் பனியைக் குறைத்துக் காட்டியதால், தண்ணீர் போதாது என்று பயந்து வயல்களுக்கு விடுவதைக் குறைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் மலையேறிப் போய்க் கோலை ஊன்றி அளந்த பிறகுதான் தவறு தெரிந்ததாம்.

மேனேஜர் அக்காவையும் என்னையும் அழைத்தார்.

"ரெண்டு மணி நேரம் வச்சியா?" என்று என்னைக் கேட்டார்.

"வச்சேன் சார்."

"அப்ப சென்சர் மாட்டுனதுலதான் கோளாறு லா."

அக்கா சற்று யோசித்தார். "இருக்கலாம் சார். வயசாவுதுல்ல, கண்ணு சரியில்ல போல," என்றார்.

அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். வேலை போய்விடுமே என்ற பயம். பெரிய காரணமெல்லாம் இல்லை. ஒரு ரவிக்கைக்காகச் சொன்ன பொய்யை நம்பி அவர் தன் கண்ணையே சந்தேகப்பட்டார்.

அவரைப் பேக்கிங் பகுதிக்கு மாற்றினார்கள். அடுத்த வாரம் கேண்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"கண்ணு செக் பண்ணேன் தங்கச்சி. ஒண்ணுமே இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு," என்றார். "அப்ப கைதான் நடுங்குது போல. நீ பாத்து சொல்லு."

மேசைமேல் இரண்டு கைகளையும் நீட்டினார். அவை ஆடாமல் இருந்தன.

"நல்லாத்தான் இருக்குக்கா," என்றேன். சொல்லிவிட்டு, பாதிச் சாப்பாட்டோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.