வானத்துக்குப் பயந்த கப்டன்

"தண்ணியிலை இல்லை பிள்ளை. கட்டிலிலைதான். நித்திரையிலையே போயிட்டார்." சந்திரன் அண்ணை காலமானதைச் சொல்லத் தொலைபேசி எடுத்த அவரது மனைவி ராணி அக்கா, முதலில் சொன்னது இதைத்தான். நான் துறைமுகத்தில் எங்கள் கப்பலின் தளத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர்க் குழாயை நிறுத்தக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றேன்.

அவரை அறிந்த உங்களுக்கு அக்கா ஏன் அப்படித் தொடங்கினார் என்று விளங்கும். ரொறன்ரோத் துறைமுகத்தில் தீவுகளைச் சுற்றிக் காட்டும் பழைய மாதிரிச் சீனப் பாய்க்கப்பலுக்கு அவர் கப்டன். நான் பாய்க்கயிறு பிடிப்பவள். மூன்று பாய்மரங்கள், குறுக்கே மூங்கில் கம்புகள் வைத்துக் கட்டிய சிவப்புப் பாய்கள். கண்டதும் சனம் போனைத் தூக்கும். அவ்வளவு எடுப்பான கப்பலுக்குத் தண்ணீரென்றாலே நடுங்கும் ஒரு கப்டன்! பயந்தாங்கொள்ளி என்று முகத்துக்கு நேரேயே பகிடி பண்ணியிருக்கிறோம். அவரும் சிரிப்பார்.

ஒருமுறை யூனியன்வில்லிலிருந்து ஒரு குடும்பம் பிறந்தநாள் கேக்கோடு வந்து இறங்கியது. நல்ல வெயில். அண்ணை மேற்கே அடிவானத்தில் தெரிந்த சின்ன முகிலையே பார்த்துக்கொண்டு நின்றார். "உந்தக் கறுப்பு எனக்குப் பிடிக்கேல்லை. கேக்கைக் கரையிலை வெட்டுங்கோ" என்றுவிட்டார். அந்தத் தகப்பன் ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. அன்று ஒரு துளி மழைகூட விழவில்லை. எனக்கு வந்த கோபம்!

"என்ன அண்ணை, ஏன் இப்பிடிப் பயப்பிடுறியள்? ஊரிலை கடலிலை ஏதும் நடந்ததோ?"

"பயத்துக்குக் கதை வேணுமே பிள்ளை? தண்ணி ஆழம். அது காணாதே?" என்றார்.

பிறகு அந்த அஸ்தி நாள் வந்தது. எங்கள் சனம் அஸ்தி கரைக்க இந்தக் கப்பலை எடுப்பது உங்களுக்குத் தெரியும். அன்று வந்த குடும்பம், படம் எடுக்க வேண்டும், பாயை இறக்க வேண்டாம் என்று கெஞ்சியது. அண்ணை அரைமனதோடு சம்மதித்தார். சாம்பல் முகத்தில் அடிக்காமலிருக்க, காற்று போகும் பக்கமாகத்தான் கொட்ட வேண்டும். பாய் விரித்த கப்பல் சாய்வதும் அந்தப் பக்கம்தான். கரைத்தபின் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது சம்பிரதாயம். ஐயர் சொல்லியும் இருந்தார். யார் கேட்டது? மூத்த மகன் கொட்டியதும், பூ மிதப்பதைப் பார்க்க முழுச் சனமும் அந்தப் பக்கம் ஓடியது. அதே நேரத்தில் காற்றும் ஓங்கி அடித்தது.

கப்பல் சாய்ந்தது. ஏரித்தண்ணீர் விளிம்பைத் தாண்டி என் முழங்கால்வரை வந்தது. ஐயோ, அந்தக் குளிர்! ஒரு குழந்தை தாயின் சேலையைப் பிடித்தபடி வழுக்கிக்கொண்டு போனது. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். "கயிறை விடு! விடு பிள்ளை!" என்று அண்ணை கத்தினார். விட்டேன். அந்தப் பாயில் ஒரு நன்மை, கயிற்றை விட்டால் தன் பாரத்தாலேயே யன்னல் பிளைன்ட் மாதிரி மடிந்து இறங்கிவிடும். கப்பல் மெல்ல நிமிர்ந்தது. "நடுவிலை இருங்கோ! ஆரும் எழும்பாதேங்கோ!" என்று கத்திக்கொண்டே ஒவ்வொரு தலையாகத் தொட்டுத் தொட்டு எண்ணினார். "எல்லாரும் இருக்கினம்" என்றார். பிறகு சுக்கானை என்னிடம் தந்துவிட்டுக் கழிப்பறைக்குள் போனார். அவர் விம்மி அழுவது வெளியே கேட்டது.

வெளியே வந்து அதை அவர் மறைக்கவுமில்லை. "பயமில்லாதவன்ரை கப்பலிலை நான் ஏறமாட்டன்" என்றார். அதன்பிறகு யார் கெஞ்சினாலும் பாயை இறக்கி, எல்லோரையும் இருத்தி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத்தான் பூப்போட விடுவார். நானும் அன்றிலிருந்து அவரைப் பகிடி பண்ணியதில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணையின் அஸ்தி. ராணி அக்கா கப்பலை என்னைத்தான் ஓட்டச் சொல்லியிருக்கிறார். மல்வேர்னிலிருந்தும் ரெக்ஸ்டேலிலிருந்தும் வருகிறோம் என்று போனுக்கு மேல் போன். ஆனால் ஞாயிறு பலத்த காற்று என்கிறார்கள். சொன்னேன். "நாள் பாத்தாச்சு, தள்ளேலாது. திங்கள் எனக்கு லண்டனுக்குப் பிளைட்" என்கிறார் அண்ணையின் மைத்துனர். "அவர் இருந்த காலத்திலையும் உப்பிடித்தான், இப்பவுமோ?" என்று இன்னொருவர் சிரிக்கிறார். மூன்று இரவாக எனக்கு நித்திரை இல்லை. சனத்தின் வாய்க்கும் பயம், தண்ணீருக்கும் பயம்.

அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பயம் ஒன்றுதான். அதை நான் விடுவதாயில்லை. ஆகையால் வர இருக்கிற எல்லோருக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஞாயிறு காலை காற்று தணியாவிட்டால் கப்பல் கரையை விட்டு அசையாது. பிளைட் போனால் போகட்டும். ஏசுகிறவர்கள் கரையில் நின்று என்னை ஏசுங்கள். அண்ணை இன்னொரு கிழமை ராணி அக்காவோடு வீட்டிலேயே இருக்கட்டும். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்.