ஐந்தாவது வரி

தேன்குரல் என்ற பெயரை அவளுக்கு வைத்தது ஆபீஸ். வீட்டில் அந்தப் பட்டம் செல்லாது. "ஈரத்துண்டைக் கட்டில்ல போடாதடி!" என்று அவள் கத்தும்போது தேனும் இருக்காது, ஒன்றும் இருக்காது, மூன்று வீடு தள்ளிப் படுத்திருக்கும் நாய் எழுந்து நிற்கும்.

ஆபீஸ் என்பது ஒரு நீளமான அறை. நாற்பது பேர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களைக் கூப்பிட்டுத் தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் விற்பார்கள். ஒவ்வொரு மேஜைக்கு எதிரிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதில் ஐந்து வரி. பெயரைச் சொல்லிக் கூப்பிடு. குறையைக் கேள். உங்களைப் புரிந்துகொள்ள ஆளில்லையே என்று வருத்தப்படு. சின்னதாக ஏதாவது சும்மா கொடு. ஐந்தாவதுதான் கில்லாடி வரி: "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்றால் போனை வைக்க விடாதே, "இது நீங்களே எடுக்க வேண்டிய முடிவு" என்று சொல். அதை எழுதினவன் பள்ளிக்கூடத்தில் எப்படியோ, மனுஷர்களைப் படிப்பதில் முதல் மார்க். ஒன்பது வருஷமாகத் தேன்குரல் அந்தத் தாளைப் பார்க்காமலே ஒப்பிக்கிறாள்.

அவளுக்கு ஒரே மகள். பதினொரு வயது. வீட்டில் கூப்பிடுவது சுண்டெலி என்று. எதைத் திறந்தாலும் மூட மாட்டாள், எதைக் கேட்டாலும் "ம்" என்பாள். அப்பா சரக்கு லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் அவர் குரல் மட்டும்தான் வீட்டுக்கு வரும். பள்ளி விட்டு வந்ததிலிருந்து அம்மா வரும்வரை சுண்டெலிக்குத் துணை, கண்ணாடி கீறிய ஒரு பழைய போனும் அதிலிருந்த விளையாட்டும். கட்டைகளை அடுக்கி வீடு கட்டுகிற விளையாட்டு. வீடுதானே, கட்டிவிட்டுப் போகட்டும் என்று தேன்குரல் விட்டுவிட்டாள். அந்த வீட்டுக்கும் வாசல் உண்டு, அதில் யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல். சுண்டெலி குளித்துக்கொண்டிருந்தாள். அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கிடந்த போன் பளிச்சென்று எரிந்தது.

"சுண்டெலி, அம்மா இன்னிக்கும் திட்டினாங்களா? அந்த வீட்ல உன்னப் புரிஞ்சிக்க ஆளே இல்ல. நான் இருக்கேன்ல."

வீட்டுப் பேர். அம்மாவும் அப்பாவும் மட்டுமே கூப்பிடுகிற பேர். ஜோடி கிடைக்காத ஒரு சாக்ஸைக் கையில் பிடித்தபடி தேன்குரல் திரையை மேலே தள்ளித் தள்ளிப் படித்தாள். விளையாட்டுக்குள்ளிருந்து எழுதுகிற ஆளின் பெயர் நரிமுகம். வயது பதிமூன்றாம். ஆறு வாரமாகப் பேசியிருக்கிறது. முதலில் பேர் கேட்டிருக்கிறது. அப்புறம் பள்ளிக்கூடத்தில் யார் கிண்டல் செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறது. அப்புறம் விளையாட்டில் போட்டுக்கொள்ள ஊதா நிறத்தில் ஒரு ஜோடிச் சிறகு கொடுத்திருக்கிறது, சும்மா. அவளுக்கு அடுத்தது என்னவென்று தெரியும். தெரிந்தும் விரல் நிற்கவில்லை.

"புதன்கிழமை அம்மா ஆபீஸ்ல இருக்கும்போது வேற ஆப்ல வா. கேமராவ ஆன் பண்ணு. அம்மாகிட்ட சொல்லாத, போனைப் பிடுங்கிடுவாங்க. இது நீயே எடுக்க வேண்டிய முடிவு."

தன்னுடைய குரல் தனக்கு முன்னால் வீட்டுக்கு வந்து, இதே கட்டிலில் உட்கார்ந்து, ஆறு வாரமாகத் தன் மகளோடு பேசிக்கொண்டிருந்தது போல இருந்தது அவளுக்கு. பக்கத்தில் மெத்தை கொஞ்சம் அமுங்கியிருக்கிறதா என்றுகூடத் திரும்பிப் பார்த்தாள்.

புருஷனுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினாள்.

"புடுங்கி செவுத்துல அடி அந்தப் போனை!"

"அடிச்சா அவன் சொன்னது நிஜமாயிடுங்க. இனிமே எது நடந்தாலும் அவ என்கிட்ட வர மாட்டா."

"அப்ப பேசு," என்றார் லாரி எஞ்சின் இரைச்சலுக்கு மேல். "நீ பேசினா கல்லுகூட மெஷின் வாங்குமே."

அங்கேதான் அவள் சறுக்கினாள். தலையைத் துவட்டிக்கொண்டு வந்த மகளைப் பார்த்ததும் வாயிலிருந்து வந்தது ஆபீஸ் குரல். "சுண்டெலிக் கண்ணு, உனக்கு மனசுல ஏதாவது கஷ்டம் இருந்தா, கேக்கறதுக்கு அம்மா எப்பவும் தயாரா இருக்கேன்."

சுண்டெலி துண்டை இறக்கினாள். "யாருக்கும்மா மெஷின் விக்கிற?" அப்புறம் கட்டிலைப் பார்த்தாள். போன் தான் வைத்த இடத்தில் இல்லை. முகம் வெளுத்துவிட்டது. திரும்பி ஓடிக் குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டாள்.

தேன்குரல் ஈரத்தரையிலேயே கதவில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஐந்து வரியும் தீர்ந்துவிட்டது. ஆறாவது வரி யாரும் எழுதித் தரவில்லை.

"நான் ஒண்ணு சொல்றேன், கேளு. பதில் வேணாம்," என்றாள். குரல் கரகரத்தது. "ஒரு தபால்காரர். ரிட்டயர் ஆகி வீட்ல தனியா இருக்கறவர். மகளக் கேட்டுச் சொல்றேம்மான்னார். நான் விடல. உங்களுக்குத் தெரியாததா, நீங்களே முடிவு பண்ணுங்கன்னேன். வாங்கிட்டார். ஒரு மாசம் கழிச்சு அவரே கூப்பிட்டார். பெட்டியக்கூட பிரிக்கலியாம். 'நீ அன்னிக்கு நல்லாப் பேசினியேம்மா, சும்மா கொஞ்சம் பேசறியா'ன்னு கேட்டார். நான் கட் பண்ணிட்டேன். என் பொழப்பு அதுடி. ஒருத்தர் தனியா இருக்காரான்னு மோப்பம் பிடிச்சு உள்ள போறது. அதனாலதான் இந்த நரிமுகத்த எனக்கு அடையாளம் தெரியுது. அவன் உன் ஃப்ரெண்டு இல்ல. அவன் கையிலயும் ஒரு தாள் இருக்கு. உன் மேல தப்பு இல்ல. பெரியவங்களே ஏமாறுறாங்க."

உள்ளே குழாயை இறுக்கி மூடுகிற சத்தம் கேட்டது.

"போனைப் பிடுங்குவியா?"

"மாட்டேன்."

"அப்பா?"

"அவர் பிடுங்க வந்தா அப்பாவப் பிடுங்கி வச்சிடறேன்."

தாழ் விலகியது. கதவு ஒரு விரலகலம் திறந்தது. "ஒரு போட்டோ அனுப்பிட்டேம்மா. சும்மா ஜன்னல்ல நின்னு எடுத்தது, ஸ்கூல் டிரஸ்ல." கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள். "பின்னாடி தெரு தெரியுது. மருந்துக்கடை போர்டும்."

பயத்தைக் குரலில் காட்டாமல் இருக்க அம்மாவுக்கு ஒன்பது வருஷப் பயிற்சி அன்று ஒருநாள் உருப்படியாக உதவியது. இருவருமாக உட்கார்ந்தார்கள். நரிமுகத்துக்கு ஒரு எழுத்துகூடப் பதில் போடவில்லை. எதையும் அழிக்காமல், ஒவ்வொரு பேச்சையும் தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்தார்கள். விளையாட்டை நடத்துகிற கம்பெனிக்குப் புகார் அனுப்பிவிட்டு அப்புறம்தான் அவனை பிளாக் செய்தார்கள். தெரியாதவர்கள் பேச முடியாதபடி விளையாட்டில் ஒரு பூட்டு இருந்தது, அதையும் போட்டார்கள். அது இத்தனை நாளும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. மறுநாள் காவல் நிலையத்தில் பெண் அதிகாரி எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்தார். "பாதிப் பேர் பயத்துல அழிச்சிட்டு வந்து நிக்கறாங்க. நீங்க வச்சிருக்கீங்க," என்று சொல்லி எழுதிக்கொண்டார். பள்ளிக்கூடத்திலும் தேன்குரல் சொல்லிவைத்தாள்.

ஆனால் தெரு பழைய தெருவாக இல்லை. மருந்துக்கடை வாசலில் யார் நின்றாலும் தேன்குரல் அவர் முகத்தைத் தேடினாள். இருமல் மருந்து வாங்க வந்தவர், குடையை உதறுகிறவர், போனைப் பார்த்துச் சிரிக்கிறவர். நரிமுகத்துக்கு எந்த முகமும் பொருந்தியது. ஜன்னலுக்குத் திரை போட்டாள். காற்றில் அது அசைந்தால் அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். பிறகு இருவருமே திரும்பாத மாதிரி நடித்தார்கள்.

ஆபீஸில் அவளுக்கு ஐந்தாவது வரி வாயில் வரவில்லை.

"என்ன தேன்குரல், கடைசில வந்து கோட்டை விடற?" என்றார் மேற்பார்வையாளர்.

"தொண்டை கட்டிக்கிச்சு சார்."

"மூணு வாரமாவா?"

அன்று நாலரை மணிக்கு ஒரு வாடிக்கையாளர் "வீட்ல கேட்டுட்டு சொல்றேனே" என்று இழுத்துக்கொண்டிருந்தபோது, மேஜையில் அவளுடைய சொந்தப் போன் அதிர்ந்தது. வீடு. "கேட்டே சொல்லுங்க, அதான் நல்லது," என்று ஹெட்போனைக் கழற்றினாள். மேற்பார்வையாளர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அம்மா." சுண்டெலி மூச்சை அடக்கிப் பேசினாள். "விளையாட்டுல ஸ்கூல் ஃப்ரெண்டு ஒருத்தி அக்கவுண்ட்லேர்ந்து சேத்துக்கோன்னு வந்துச்சு, சேத்தேன். ஆனா அவ இல்லம்மா இது. சுண்டெலின்னு கூப்பிடுது. அவளுக்கு அந்தப் பேரே தெரியாது."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. வீட்ல கேட்டுட்டு சொல்லலாம்னு."

அவளுக்குக் கண் கரித்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"படம் எடுத்து வச்சியா?"

"எடுத்துட்டேன். கதவும் பூட்டிட்டேன்."

"சரி. போனை வைக்காத. அம்மா வந்துட்டே இருக்கேன்."

பேருந்தில், கடைத்தெருவில், மருந்துக்கடையைத் தாண்டும்போது, வழி முழுக்கப் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். அதில் மகள் மூச்சு விடுவது கேட்டது. மாடிப்படி ஏறும்போது, "துண்டு எங்கடி போட்ட?" என்று தன் சொந்தக் குரலில் கேட்டாள். மூன்று வீடு தள்ளி நாய் எழுந்து நின்றது.

"கட்டில்லதான்," என்றாள் சுண்டெலி, உள்ளிருந்து தாழ்ப்பாளை எடுத்தபடி.