போர்னியோக் கம்பெனியின் ஒரு டாலர்

பழைய நோட்டு சேகரிப்பவருக்குக் கரையானால் நேரும் சேதத்தைவிட, அன்புள்ளவர்களால் நேரும் சேதமே அதிகம். இதே பித்துப் பிடித்து அலையும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. என் சேகரிப்பு மிகக் குறுகியது. அரச சாசனம் பெற்று நாடாண்ட வணிகக் கம்பெனிகள் தம் பெயரிலேயே அச்சிட்ட நோட்டுகளை மட்டும் தேடுகிறேன். அவற்றுள்ளும் வட போர்னியோவை ஆண்ட கம்பெனியின் நோட்டுகள் என்றால் எனக்குத் தனிப் பிரியம். பிழைப்புக்காக அங்கே கப்பலேறிய நம் கரையோரத்து ஆட்களின் பெட்டிகளில் அவை ஒன்றிரண்டு வந்து சேர்ந்தன. ஆகவே, சிதம்பரத்தில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்ற நான், அடிக்கடி கடலூருக்குப் பஸ் ஏறுகிறேன்.

ஷேர் ஆட்டோவில்

கடலூர் முதுநகர் செல்லும் ஷேர் ஆட்டோவில், என் மடியிலிருந்த ஆல்பத்தைப் பார்த்து, அது என்னவென்று ஓட்டுநர் கேட்டார். கேட்டவருக்கு அரைகுறையாகப் பதில் சொல்வது என் வழக்கமன்று. கம்பெனி எவ்வாறு நாடாண்டது, நோட்டு எவ்வாறு செல்லுபடியாயிற்று, பின்னர் எவ்வாறு செல்லாமற்போயிற்று என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவரும் ஒரு நல்ல மாணவரைப் போல் குறுக்கிடாமல் கேட்டார். நான் இறங்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "எங்க மச்சான் செல்லாத ஐநூறு ரூபா நோட்டு ஒரு கட்டு வச்சிருக்காரும்மா. அதையும் இதோட சேத்துக்கக் கூடாதா?"

குங்குமம்

முதுநகரில் மரவாடி வைத்திருக்கும் கோவிந்தனிடம் கம்பெனியின் ஐம்பது சென்ட் நோட்டு இருந்தது. அவருடைய முன்னோர் கப்பலில் வந்த மரத்தை வாங்கி விற்றவர்கள். கேட்டவுடன், ஒரு பைசா வாங்காமல், வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். நானும் பரவசத்தோடு பெற்றுக்கொண்டேன். பிறகுதான் கவனித்தேன்: ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் ரம்பத்துக்கும் கல்லாப்பெட்டிக்கும் பொட்டு வைத்த கை, நோட்டையும் விட்டுவைக்கவில்லை. சந்தனமும் குங்குமமும் அடுக்கடுக்காய் ஏறி, கம்பெனியின் சின்னமே மறைந்துவிட்டது.

தண்ணீர் பட்டால் மை கரையும். படாவிட்டால் குங்குமம் போகாது. நான் படித்த வேதியியல் அங்கே எனக்குத் துணை வரவில்லை. பழந்தாளில் பொட்டு வைப்பது முறையா என்று சற்றே கடிந்துகொண்டேன். அவர் வருத்தப்படவில்லை. பக்கத்துத் தெருவில் ஜுலைகா வீட்டில் ஒரு டாலர் நோட்டு இருப்பதாகத் துப்புக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கம்பெனிக்காரன் போயிட்டான், சரி. அவனோட லட்சுமியும் போவலாமா டீச்சர்? அவளுக்குத்தான் பொட்டு வச்சேன்."

ஜுலைகாவின் நிபந்தனை

ஜுலைகா என்னைவிடச் சற்று மூத்தவர். அவர் காட்டிய நோட்டைத் தொடாமலே குனிந்து பார்த்தேன். நான்காக மடிக்கப்பட்டு, கைபட்டு மெருகேறி, யாருடைய திருத்தமும் படாத ஒரு டாலர். என் ஆல்பத்தில் இல்லாததும் அதுவே.

அவருக்கோ அது வேறு விஷயம். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது கப்பலேறிய வாப்பா, வெகுகாலம் கழித்து நோயாளியாகத் திரும்பி, எங்கே இருந்தார் என்றுகூடச் சொல்லாமல் இறந்துபோனார். போர்னியோவில் இருந்தார் என்பது உம்மா சொன்ன சேதி. அவர் எங்கும் போகவில்லை, குடும்பத்தைக் கைவிட்டு நாகூரில் பெட்டிக்கடை வைத்திருந்தார் என்பது மாமா மகன் காதரின் கேலி. இத்தனை வயதுக்குப் பிறகும் ஒவ்வொரு பெருநாளன்றும் பிரியாணித் தட்டுக்கு முன்னால் காதர் அதைச் சொல்வாராம். எல்லோரும் சிரிப்பார்களாம், ஜுலைகா மட்டும் சாப்பிடாமல் எழுந்துவிடுவாராம். நோட்டை மடித்து வைத்துவிட்டு அவர் சொன்னார்: "காதர் மச்சானை வரச் சொல்றேன். எங்க வாப்பா போனது நெசந்தான்னு அவர் மூஞ்சிக்கு நேரா நீங்க சொல்லுங்க டீச்சர். நோட்டு ஒங்களுக்கே."

யூசுப் செய்த உபகாரம்

குறித்த நாளன்று பூதக்கண்ணாடியுடன் சென்றேன். வாசலிலேயே ஜுலைகாவின் மகன் யூசுப் எதிர்கொண்டார். ஷார்ஜாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்தவர். டீச்சர் வருகிறார்களே, நோட்டு கசங்கியிருக்கிறதே என்று, அதை இஸ்திரி போட்டு, கலெக்டர் ஆபீஸ் பக்கத்துக் கடையில் கொடுத்து, கனமான பிளாஸ்டிக்கில் லேமினேட் செய்திருந்தார்.

சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளிலிருந்து பிரிக்க வழியில்லை. சேகரிப்பாளரைப் பொறுத்தவரை அந்த நோட்டின் கதை முடிந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகிழ்ச்சியில் வாயடைத்து நிற்கிறேன் என்று எண்ணிய யூசுப் ஆறுதலாகச் சொன்னார்: "இனிமே கவலையே இல்ல டீச்சர். அடுத்த வெள்ளம் வந்தாக்கூட மெதக்கும்."

காதர் மச்சான் முன்னிலையில்

உள்ளே காதர் சாய்வு நாற்காலியில் காத்திருந்தார். கண்ணாடியின் கீழ் நோட்டை வைத்துப் பார்த்தேன், போலியன்று. அதைச் சொன்னதும் ஜுலைகாவின் முகம் மலர்ந்தது. ஆனால் முழுவதையும் சொல்வதே முறை. நோட்டு போர்னியோவிலிருந்து வந்தது என்பது உறுதி, அதைக் கொண்டுவந்தவர் அவர் வாப்பாதான் என்பதற்கு நோட்டு சாட்சியாகாது என்றும் சொன்னேன். காதர் தொடையைத் தட்டிக்கொண்டார். ஜுலைகா முந்தானையால் மேசையைத் துடைக்கத் தொடங்கினார். மேசையில் ஒன்றும் சிந்தியிருக்கவில்லை.

அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுக்கவில்லை. செய்முறைத் தேர்வில் கேட்பது போல் ஜுலைகாவிடம் கேட்டேன். நோட்டு எங்கே கிடைத்தது? இறந்தபின் வாப்பாவின் கோட்டு உள்பையில். இங்கே செல்லுபடியாயிற்றா? எந்தக் கடைக்காரரும் தொடவில்லை. பிறகு காதரின் பக்கம் திரும்பினேன். அவர் சவூதியில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். ஊர் திரும்பியபோது சில்லறை ரியால் எதுவும் கொண்டுவந்தாரா என்றேன். ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கிறது என்றார். இங்கே எதற்கும் உதவாததை ஏன் கொண்டுவந்தார் என்றேன். "வேணும்னு எவன் கொண்டாருவான்? கெளம்புற அவசரத்துல சட்டப் பையிலயே தங்கிப்போவும்," என்றவர், வாயைத் திறந்தபடியே நிறுத்திக்கொண்டார்.

காதர் லேமினேட் செய்த நோட்டை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஜுலைகாவிடமே நீட்டினார். உன் வாப்பா போய்த்தான் வந்திருக்கிறார் என்று முனகினார். இதுவும் நிரூபணமன்று என்று சொல்ல என் நாக்கு துடித்தது; வாழ்க்கையில் முதன்முறையாக அடக்கிக்கொண்டேன். சொன்ன சொல் தவறாத ஜுலைகா நோட்டை என்னிடம் நீட்டினார். வேண்டாமென்று தலையசைத்தேன். அவர் வற்புறுத்தவில்லை: "அப்ப சொவத்துலயே மாட்டிக்கிறேன் டீச்சர். பெருநாளைக்கு மச்சான் குந்துற எடத்துக்கு நேர் எதுக்க."

சேகரிப்பு நெறிப்படி அது கெட்டுப்போன நோட்டுதான். எனினும் ஜுலைகா வீட்டுச் சுவரில் அதைப் பார்க்க அடிக்கடி போய்வருகிறேன்; என் ஆல்பத்திலுள்ள எந்த நல்ல நோட்டைப் பார்க்கவும் நான் இத்தனை முறை பஸ் ஏறியதில்லை.