பெயர் மறவாத மருந்துக்காரர்

அந்த மருந்துக்காரர் எங்கள் பிள்ளைகளின் பெயர்களை அன்பினால் நினைவில் வைத்திருந்தாரா, வியாபாரத்துக்காகவா? இன்றும் எனக்கு விளங்கவில்லை.

குழந்தைகளுக்கான டானிக் விற்க மாதம் ஒருமுறை ரயிலில் ஆம்பூர் வருவார். ஒல்லியான உருவம், கசங்காத வெள்ளைக் கோட்டு. பையைத் திறக்குமுன் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி விசாரிப்பார். எனக்கு வாசிக்கப் பிடிக்கும் என்று கண்டுகொண்டு ஒரு கதைப் புத்தகமும் தருவார்.

“நீங்க படிச்சவங்கம்மா. ஒரு வார்த்த சொன்னா தெருவே கேக்கும்” என்பார்.

அந்த டானிக் கொடுத்த பிறகு என் மகனின் ஜுரம் தணிந்திருந்ததால், நல்ல மருந்து என்று நானும் தெருவில் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி தன் மகள் ரோசிக்கு வயிற்றுப்போக்கு கண்டபோது, என் பேச்சை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் அந்த டானிக்கையே நான்கு நாள் கொடுத்தாள். குழந்தை இறந்துவிட்டது.

அடுத்த மாதம் அவர் அவள் வாசலில் நின்று, “ரோசிப் பாப்பா இன்னா பண்றா?” என்று சிரித்தபடி கேட்டார். அவள் சொன்னதும் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

பிறகு என்னிடம் வந்தார். கண்கள் இன்னும் சிவந்திருந்தன. “அந்தம்மா மருந்த குத்தம் சொல்லாம நீங்கதான் பாத்துக்கணும்” என்று புதுப் புத்தகத்தை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

“நீங்க நல்லதுக்குத்தானக்கா சொன்னீங்க” என்கிறாள் ரோசியின் அம்மா. அவர் எனக்குத் தந்த புத்தகங்களைப் பற்றி அவளுக்குத் தெரியாது. சொல்லிவிடுவதா, வேண்டாமா? பிள்ளை பெற்றவர்களே, உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள்.